விசிட்டிங் கார்டு வடிவமைக்கும் பையனை எதில் சேர்ப்பது?

அம்பாசமுத்திரத்துத் தாயார் ஒருவர் எழுதியிருக்கிறார். பிளஸ் டூ முடித்த மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம் என்கிறானாம். சொந்தக்காரர்கள் நிர்வாக ஒதுக்கீட்டிலாவது சேர்த்துவிடச் சொல்கிறார்களாம். பையனோ பொழுதெல்லாம் கடைக்காரர்களுக்கு விசிட்டிங் கார்டு வரைந்துகொண்டிருக்கிறானாம். கவலை நியாயமானதுதான். ஆனால் அம்மா, நன்செய் வயலை அடகு வைத்து, பிள்ளைக்குப் பிடிக்காத படிப்பில் இடம் வாங்குவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். கல்யாணப் பந்தியில் யோசனை சொன்னவர்கள் யாரும் வட்டி கட்ட வரப்போவதில்லை.

பத்தமடையில் பாய் விற்கும் தாய்மாமனுக்காக அவன் வடிவமைத்த அட்டையையும் அனுப்பியிருந்தீர்கள். சாமி படம், மூன்று கைபேசி எண்கள், விற்கும் சரக்குகளின் முழுப் பட்டியல் என்று நெருக்கியடிக்கும் அட்டைகளையே பார்த்துச் சலித்த கண்ணுக்கு இது இதமாக இருந்தது. பெயர், புவிசார் குறியீடு பெற்ற கோரைப்பாய் என்ற ஒரு வரி, ஓர் எண், சுற்றிலும் தாராளமான வெற்றிடம், அவ்வளவுதான். கண்காட்சியில் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட வெளியூர் வியாபாரி, பத்து நாள் கழித்து எடுத்துப் பார்த்தாலும் யாரிடம் என்ன வாங்கலாம் என்பது உடனே விளங்கிவிடும்.

குறைகளும் உண்டு. சிறிய எழுத்துகளின் கறுப்பை, வண்ண அச்சுக்கான நான்கு மைகளும் (நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு) கலந்து வரும்படி அமைத்திருக்கிறான். அச்சில் ஒரு மைக்கான தகடு மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரம் நிழலடித்து, மெய்யெழுத்தின் புள்ளி கலங்கிவிடும் என்பதால், அங்கே கறுப்பு மை ஒன்றே போதும். பின்னணி வண்ணத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டவில்லை. கத்தி சற்றுத் தவறினால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். தமிழ் எழுத்துருவை வளைகோடுகளாக, அதாவது வெறும் வரைவடிவமாக, மாற்றாமல் கோப்பை அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத அச்சகக் கணினியில் எழுத்துகள் குழம்பிப்போகலாம்.

இவற்றையெல்லாம் முறையாகக் கற்றுத்தரும் படிப்பு அச்சுத் தொழில்நுட்பம். நம் பக்கத்தில் அதை ஏறெடுத்தும் பார்ப்பவர்கள் குறைவு. கோவில்பட்டியைத் தாண்டினால் அச்சகங்கள் நிறைந்த சிவகாசி என்பதைக்கூட மறந்துவிடுகிறோம். உரிய பாடங்களுடன் பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பிறகு விரும்பினால் பி.இ.யிலும் இரண்டாம் ஆண்டிலேயே நுழையலாம். கணிதம் படித்து நல்ல கட்-ஆஃப் வைத்திருந்தால், கலந்தாய்வு வழியாகவே கிண்டி பொறியியல் கல்லூரியில் அச்சு மற்றும் பொதியியல் தொழில்நுட்பம் படிக்கலாம்.

விசிட்டிங் கார்டை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. கைபேசிச் செயலியே இலவசமாக ஒன்றைத் தந்துவிடுகிறது. அதே கைத்திறன் அல்வாப் பெட்டிக்கும் அப்பளக் கட்டுக்கும் மசாலா உறைக்கும் போகும்போதுதான் சம்பளம் நிலைக்கும். எனவே விடுமுறையில் அவனை ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் உட்கார வையுங்கள். தகடு ஏற்றுவதையும் காகிதம் வெட்டுவதையும் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லையென்றால் விண்ணப்பியுங்கள். தாய்மாமனும் அடுத்த ஆயிரம் அட்டைக்கு அச்சுக்கூலியோடு வடிவமைப்புக் கூலியையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.