மூன்று மணி நேரம் ஓவனில் இருந்தும் வேகாத பீன்ஸ்

கேள்வி: கணவரின் வேலைக்காக கிரீஸில் தெசலோனிகிக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி அவ்வப்போது 'யீகாந்தெஸ்' கொடுத்தனுப்புவார். பெரிய பெரிய வெள்ளை பீன்ஸ், தக்காளியோடு ஓவனில் வைத்து எடுத்தது. வாயில் போட்டால் வெண்ணெய் மாதிரி கரைகிறது. நானும் இரவு உப்புத் தண்ணீரில் பீன்ஸை ஊறவைத்து, காலையில் தக்காளி, வெங்காயம், எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்து ஓவனில் வைத்தேன். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் மேலே கருகல், உள்ளே நறுக் நறுக்கென்று இருக்கிறது. ஊறும்போது உப்புப் போட்டதுதான் தப்பா? குக்கரில் வைக்கலாமா? ஸ்லோ குக்கர் வாங்கினால் சுலபமாக இருக்குமா?

பதில்: உப்பின் மேல் பழி வேண்டாம். உண்மையில் அது உங்களுக்கு உதவிதான் செய்திருக்கும். காரியத்தைக் கெடுத்தது தக்காளி.

பீன்ஸின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைப்பது பெக்டின் என்ற பசை. வேகும்போது அது கரைந்தால்தான் பீன்ஸ் மெத்தென்று ஆகும். புளிப்புள்ள நீரில் பெக்டின் லேசில் கரையாது. புளி ஊற்றியபின் பருப்பு வேகாது என்று நம் வீட்டில் சொல்வார்களே, அதே கதை. தண்ணீரில் உள்ள கால்சியமும் இந்தப் பசையை இறுக்கும். அதனால்தான் கால்சியம் கூடிய கடினநீரில் பயறு வேக நேரமாகிறது. சமையல் உப்பில் இருப்பது சோடியம். ஊறும்போது அது கால்சியத்தை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வதால் தோல் இளகுகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு போதும்.

ஆக, ஓவன் பீன்ஸை வேகவைக்கும் இடமே இல்லை. வெந்த பீன்ஸ் குழம்பை உறிஞ்சிக்கொண்டு ஓரம் லேசாக முறுகும் இடம் அது. வேகவைப்பது அடுப்பில், வெறும் தண்ணீரில்தான்.

அரைக் கிலோ பீன்ஸை 12 மணி நேரம் ஊறவையுங்கள். ஊறியதைக் கையில் எடுத்துப் பார்த்தாலே பாதி ஜாதகம் தெரிந்துவிடும்: நல்ல பீன்ஸ் சுருக்கமில்லாமல் உப்பி நிற்கும், பழசாகிப்போனது தோல் சுருங்கியபடியே கிடக்கும், சில ஊறவே ஊறாது. சூட்டிலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கிடந்த பயறை எவ்வளவு வேகவைத்தாலும் பலன் சுமார்தான். அங்கே வடமேற்கில் ஃப்ளோரினா பக்கம் ப்ரெஸ்பா ஏரிக்கரையில் விளைவதுதான் பேர்போன சரக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்றது. பெரியதற்கு யீகாந்தெஸ், அதாவது ராட்சதர்கள் என்று பெயர். அதையும்விடப் பெரியது எலெஃபாந்தெஸ், யானைகள்! அறுவடை இலையுதிர் காலத்தில். குளிர்காலத் தொடக்கத்தில் புதுச் சரக்கா என்று கேட்டு வாங்குங்கள்.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதையும் வடித்துவிடுங்கள். அங்குள்ள பாட்டிமார்கள் வயிற்று உப்புசத்துக்காக இப்படிச் செய்வதாகச் சொல்வார்கள். மறுபடி தண்ணீர் ஊற்றி, தீயைக் குறைத்து, முக்கால் மணியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் வரை வேகவிடுங்கள். கடிகாரத்தை நம்ப வேண்டாம். கரண்டியில் ஒரு பீன்ஸை எடுத்து ஊதுங்கள்; தோல் சட்டென்று சுருண்டு பிரிந்தால் பதம் நெருங்கிவிட்டது. இரண்டு மூன்றைக் கடித்தும் பாருங்கள், நடுவில் மாவுபோல் நெருடக் கூடாது. வெந்த தண்ணீரில் இரண்டு குவளை எடுத்துவையுங்கள்.

அப்புறம்தான் தக்காளி. இரண்டு வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு கேரட், கொஞ்சம் செலரி இலை எல்லாவற்றையும் ஆலிவ் எண்ணெயில் வதக்கி, 400 கிராம் தக்காளியும் பார்ஸ்லியும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேருங்கள். பீன்ஸோடு அகலத் தட்டில் கொட்டி, எடுத்துவைத்த நீரைப் பீன்ஸின் தலை மூழ்கும் அளவுக்கு ஊற்றி, 180 டிகிரியில் ஒரு மணி நேரம். பாதியில் காய்ந்தால் மீதி நீரைத் தெளியுங்கள். எண்ணெயில் மட்டும் கை நடுங்கக் கூடாது; இந்த அளவுக்கு 150 மில்லி வேண்டும். லாதி என்றால் எண்ணெய். இந்த வகைப் பண்டங்களுக்குப் பெயரே 'லாதெரா'. நீர் வற்றி 'தன் எண்ணெயோடு நிற்கும்' பதம் வந்ததா என்று கிரேக்கர்கள் கேட்பார்கள். எண்ணெய் பிரிந்து வரும் பதம் என்று நாம் சொல்வதும் அதைத்தான்.

குக்கரைப் பொறுத்தவரை, 'ஃபசோலாதா'வுக்குத் தாராளமாக வைக்கலாம். சின்ன வெள்ளை பீன்ஸ், கேரட், செலரி, எண்ணெய் போட்டுக் காய்ச்சும் சூப் அது. கிரீஸின் தேசிய உணவு என்றே சொல்வார்கள். நாலு பீன்ஸ் உடைந்தால் சூப் இன்னும் கெட்டியாகும், நல்லதுதான். யீகாந்தெஸ் முழுசாக நிற்க வேண்டிய பண்டம். விசில் ஒன்று கூடிப்போனால் தோல் தனி, மாவு தனி. நான் வைக்க மாட்டேன்.

ஸ்லோ குக்கரில் நேராகப் போடவே கூடாது. வேகாத பீன்ஸில் லெக்டின் என்ற நஞ்சு உண்டு. சிவப்பு ராஜ்மாவில் மிக அதிகம், வெள்ளையில் குறைவு என்றாலும் வாந்தி பேதிக்குக் காரணமாகலாம். பத்து நிமிடம் கொதிநிலையில் இருந்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கர் பல சமயம் அந்தச் சூட்டை எட்டுவதில்லை. மெதுவாக வேகும் ருசிதான் வேண்டும் என்றால் கொண்டைக்கடலைக்குப் போங்கள். சிஃப்னோஸ் தீவில் சனிக்கிழமை இரவு 'ரெவிதாதா'வை மண்பானையில் வைத்து விறகு அடுப்புக்கு அனுப்பி, ஞாயிறு தேவாலயம் முடிந்து எடுத்து வருவது வழக்கம். கடலை, வெங்காயம், லாரல் இலை, எண்ணெய், உண்ணும்போது எலுமிச்சை, அவ்வளவுதான். லாரல் இலையும் நம் பிரிஞ்சி இலையும் ஒன்றல்ல, மாற்றிப் போட்டால் வாசனையும் மாறிவிடும்.

கையில் இருக்கும் அந்தக் கருகிய தட்டைக் கொட்ட வேண்டாம். மேல் கருகலை வழித்துவிட்டு, பாத்திரத்துக்கு மாற்றி, மூழ்கத் தண்ணீரும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் போட்டு அடுப்பில் ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். சோடா புளிப்பை முறித்துவிடும். உருவம் நிற்காது, மசித்து, எலுமிச்சை பிழிந்து சூப்பாகக் குடித்துவிடுங்கள்.