எத்தனை கல் தெரிகிறது?

அன்புள்ள ஐயா,

கோவையில் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில், வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். நீர்மூழ்கி மோட்டார்தான் என் வேலை. போன மாதம் கல்லூரி நண்பன் ஒருவன் ‘பூமியை உறிஞ்சிக் காலி பண்ற வேலைடா உன்னுது’ என்று சொல்லிவிட்டான். அதிலிருந்து தூக்கம் சரியில்லை. கருவியில் நல்லது கெட்டது கிடையாது, எல்லாம் பயன்படுத்துகிறவர் கையில்தான் என்று சொல்லிச் சமாதானம் அடையப் பார்க்கிறேன். எங்கள் புது மோட்டார் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது என்பதும் ஓர் ஆறுதல். இந்த வேலையை விட்டுவிட்டு மென்பொருள் பக்கம் போய்விடலாமா? ஏ.ஐ. வந்தபின் அங்கேயும் வேலை நிலைக்குமா?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

ஏ.ஐ. பற்றி உங்களுக்குச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நண்பனின் பேச்சையும் விடுங்கள். ‘கருவியில் நல்லது கெட்டது கிடையாது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் கடந்து போயிருப்பேன். பம்பு செய்கிறவர் சொல்லலாமா?

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் பக்கச்சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு படிக்கற்கள் இறங்கும். காலையில் பல் விளக்கிக்கொண்டே அப்பாரு, என் தாத்தா, கிணற்று மேட்டுக்குப் போவார். அவருக்குப் பார்வை மங்கிய பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. “கண்ணு, எத்தன கல்லு தெரியுது?” என்பார். “பதினாலு அப்பாரு” என்றால் முகம் தெளியும். பத்தொன்பது என்றால் பேச மாட்டார். அந்த வருஷம் கரும்பு கிடையாது, சோளம்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் வந்து எட்டிப் பார்ப்பார். எங்கள் கிணற்றில் எத்தனை கல் தெரிகிறதென்று அவருக்குத் தெரியும், அவர் கிணறு எப்படியென்று எங்களுக்குத் தெரியும். தண்ணீர் இறங்குகிற வருஷத்தில் ஒருவர் மட்டும் வாழை வைத்தால் ஊர் கேட்கும்.

அப்போது எங்களிடம் இருந்தது மேலே உட்கார்ந்து உறிஞ்சுகிற மோட்டார். அது தண்ணீரைப் பிடித்து இழுப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பம்பு குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்று நீரின் மேல் அழுத்துகிற காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றின் பலம் கணக்குப்படி 34 அடி, நடைமுறையில் 25 அடிக்கே அதற்கு மூச்சு வாங்கும். தண்ணீர் அதற்கும் கீழே போய்விட்டால் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்க வேண்டும். பாறையில் மேடை வெட்டி, நாலு ஆள் கயிறு பிடித்து, அப்பா உள்ளே நின்றுகொண்டு “மெதுவா, மெதுவா” என்று கத்துவது இன்றும் காதில் இருக்கிறது. இறக்கிய பிறகு குழாயின் அடியில் தண்ணீரைப் பிடித்து வைக்கிற ஃபுட்வால்வு ஒழுகும், சாணியைக் கரைத்து ஊற்றி அடைப்போம். ஒரு நாள் பொழுது அதிலேயே போகும். ஊருக்கே தெரியும், இந்தக் கிணறு இறங்கிவிட்டதென்று.

25 அடி என்ற அந்த வரம்பை எந்தச் சட்டமும் போடவில்லை, காற்று போட்டது. நீங்கள் செய்கிற மோட்டார் தண்ணீருக்குள்ளேயே இறங்கி, கீழேயிருந்து தள்ளுகிறது. காற்றுக்கு அங்கே வேலையில்லை. அதனால் 25 அடி 1,000 அடியானது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து ஒரே இரவில் ஆறரை அங்குலத் துளை போட்டுவிட்டுப் போகிறது. துளைக்குள் எத்தனை கல் தெரிகிறதென்று யார் எட்டிப் பார்ப்பது? உங்கள் கருவி தண்ணீரை மட்டும் எடுக்கவில்லை கார்த்திக், அளவையும் எங்கள் கண்ணிலிருந்து எடுத்துக்கொண்டது. பயன்படுத்துகிறவர் கையில் எல்லாம் இருக்கிறது என்கிறீர்கள். அவர் கையில் இருப்பது ஒரு பட்டன். அதுவும் இப்போது செல்போனில். திருப்பூரில் கல்யாண வீட்டில் உட்கார்ந்துகொண்டே மோட்டார் போடுகிறார். கண்ணைக் கட்டிவிட்டு, பார்த்து நடக்கவில்லை என்று விவசாயியைக் குறை சொல்வது நியாயமா?

இதற்கு இலவச மின்சாரம்தான் காரணம் என்று சிலர் எழுதுவார்கள். அந்தப் பேச்சுக்கு நான் வரவில்லை. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் செத்திருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு பேசட்டும். உங்கள் மோட்டார் மின்சாரத்தை மிச்சப்படுத்துவது நல்லதுதான். ஆனால் அதே மின்சாரத்தில் கூடுதல் தண்ணீர் வரும் என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

நம் பக்கத்துப் பாறையின் அடியில் ஏரி எதுவும் இல்லை. இருப்பது வெடிப்புகள். மேல்மண்ணில் இறங்குகிற மழை அந்த வெடிப்புகளைத் தேடிப் போய்ச் சேரக் காலம் பிடிக்கும். பத்து மணி நேரத்தில் எடுத்தது ஒரு மழையில் திரும்பி வந்துவிடாது. தம்பி போட்ட 900 அடி போர்வெல்லில் முதல் வருஷம் இரண்டரை அங்குலம் தண்ணீர், நல்ல வரத்து. மூன்றாம் வருஷம் ஒரு நாள் மோட்டார் தானாக நின்றது. ஸ்டார்டர் பெட்டியில் ‘டிரை ரன்’, அதாவது தண்ணீரில்லாமல் ஓடுகிறது, என்று சிவப்பு விளக்கு எரிந்தது. அன்றுதான் அவனுக்கு விஷயமே தெரியும். அதற்கு முந்தின நாள் வரைக்கும் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்ததை அந்தப் பெட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோட்டத்தில் எண்பது தென்னை நின்றது. தம்பி வாசலில் உட்கார்ந்திருந்த இருப்பு என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அந்தப் பெட்டியை உங்களைப் போன்ற ஒருவர்தான் வரைந்திருப்பார். வோல்டேஜ் காட்டுகிறது, ஆம்பியர் காட்டுகிறது. நீர்மட்டத்தைக் காட்ட ஏன் தோன்றவில்லை? மோட்டாரோடு ஓர் அழுத்த உணரியைக் கீழே இறக்கினால் மேலே எத்தனை அடி தண்ணீர் நிற்கிறதென்று தெரிந்துவிடும். புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. விலை கூடும் என்பார்கள். மோட்டார் எரிந்துவிடக் கூடாது என்று டிரை ரன் வைத்தீர்களே, அதற்கு மட்டும் விலை கூடவில்லையா? தினமும் காலையில் அந்த எண் விவசாயியின் செல்போனுக்குப் போகட்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் போகட்டும்.

வேலையை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் விட்டுப் போனால் அந்தப் பெட்டியை யார் திருத்துவது? தூங்குங்கள். தை மாதம் ஊரில்தான் இருப்பேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கிணற்றை நாங்கள் மூடவில்லை. கடைசிக் கல் வரைக்கும் தெரிகிறது, மொத்தம் முப்பத்தொன்று. சின்ன வயதில் நான் இருபத்திரண்டாவது கல்லைத் தாண்டி எண்ணியதே இல்லை.

அன்புடன்.