விளக்கெண்ணெயில நைலான் வருமாங்க?

காங்கேயத்துல இருந்து ஒரு வாசகர்: ஏனுங்க, லாரிக்கு மாட்டற ஏர் பிரேக் டியூப்பு கொட்டமுத்துல இருந்து, அதாங்க விளக்கெண்ணெய் ஆட்டற ஆமணக்கு விதையில இருந்து வர்றதுன்னு ஸ்பேர்ஸ் கடைக்காரர் சொல்றாருங்க. நெசமா? அப்படின்னா எங்க மில்லுல ஆட்டற தேங்காண்ணெயில ஏன் பண்ண முடியாது?

பதில்: கதை இல்லீங்க, ஆனா எல்லா டியூப்பும் கெடையாது. டியூப்பு மேல பொடி எழுத்துல பி.ஏ. 11னு அடிச்சிருந்தா அது நைலான் 11, விளக்கெண்ணெய்ல பொறந்தது. பி.ஏ. 12ன்னா பெரும்பாலும் பெட்ரோலியச் சரக்கு. விளக்கெண்ணெய்ல 85, 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம்தானுங்க, 18 கார்பன் வரிசையா நிக்கும், 9க்கும் 10க்கும் நடுவுல ஒரு இரட்டைப் பிணைப்பு, 12ல ஒரு ஹைட்ராக்சில், அதாவது ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி, இது ரெண்டும் கிட்டகிட்ட இருக்கறதுலதான் விசயமே. மெத்தனால் சேத்து எஸ்டராக்கி கிட்டத்தட்ட 500 டிகிரி சூடு காட்டுனா சங்கிலி சரியா 11க்கும் 7க்குமா அறுந்துரும். 11 கார்பன் துண்டுல ஹைட்ரஜன் புரோமைடு ஏத்தி அப்பறம் அம்மோனியா குடுத்து கோத்தா நைலான். மிச்சம் 7 கார்பன் துண்டு இருக்கே, ஹெப்டனல், அதையும் வீணாக்காம சென்ட் தயாரிக்கறவங்க வாங்கிக்கறாங்க, கெட்டிக்காரத்தனம்தான்.

தேங்காண்ணெய் காது இல்லாத குண்டா மாதிரிங்க, பிடிக்க எடமே இல்ல. பாதிக்குப் பக்கம் லாரிக் அமிலம், அதுல இரட்டைப் பிணைப்பே கெடையாது. எண்ணெய்ல இரட்டைப் பிணைப்பு எவ்வளவு இருக்குன்னு காட்டற அயோடின் மதிப்பு இதுக்கு 10 பக்கந்தான் நிக்கும், விளக்கெண்ணெய்க்கு 85 பக்கம், ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல, அதனாலதான் ஆளி எண்ணெய் காத்துல காஞ்சு பெயிண்டா ஒட்டுது, உங்க எண்ணெய் ஒட்டாது. அமில நுனி ஒண்ணைத்தான் பிடிக்கலாம், அதுல சோப்பு வரும், இல்லாட்டி லாரில் ஆல்கஹால் ஆக்கி ஷாம்பு நுரைக்குப் போகும். அதுக்கும் பாமாயில் கொட்டை எண்ணெய் போட்டிக்கு நிக்குது. என்னையக் கேட்டா சமையலுக்கே வித்துருங்க, அந்த வெலை ஃபேக்டரிக்காரன் தரமாட்டான்.

திருப்பூர் வாசகர்: சாயப்பட்டறையில ஊத்தற டர்க்கி ரெட் ஆயிலும் இந்த விளக்கெண்ணெய்தானா? நாமளே காச்சிக்கலாமா?

பதில்: இதேதானுங்க. விளக்கெண்ணெய்ல கந்தக அமிலத்தைக் கொஞ்சங் கொஞ்சமா விட்டு, சூடு 35 டிகிரி தாண்டாம கலக்கி, உப்புத்தண்ணில அலசி காஸ்டிக் சோடால சரிக்கட்டுனா, தண்ணில சேராத எண்ணெய் சேர ஆரம்பிச்சுரும், நூலு சாயத்தை ஒரே சீரா குடிக்கும். காச்சற வேலையே இல்ல, குளுத்தற வேலைதான், சூடு கை மீறுனா மொத்தமும் கருகிரும். அலசுன அமிலத்தண்ணிய எங்க விடுவீங்க, நொய்யல்லயா? வேண்டாமுங்க, கெமிக்கல் கடையில கேன்லயே விக்கறாங்க.