சந்தோஷமாகத்தான் கிளம்ப வேண்டுமா?

கேள்வி: வங்கியில் பணிபுரியும் என் கணவருக்குத் திடீரெனக் கேரளத்திலுள்ள புனலூருக்கு மாற்றல் வந்துள்ளது. மகள் தமிழ்வழியில் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். நான் வீட்டில் தையல் தொழில் செய்கிறேன். "எல்லாம் நன்மைக்கே, சந்தோஷமாகக் கிளம்பு" என்கிறார்கள் உறவினர்கள். மனம் ஒப்பவில்லை. என் மனப்போக்கில்தான் குறையா?
– ஒரு வாசகி, செங்கோட்டை.

பதில்: குறை உங்களிடம் இல்லை. "எல்லாம் நன்மைக்கே" என்பவர்கள் யாரும் உங்களோடு உட்கார்ந்து சாமான் கட்டப் போவதில்லை. அடுத்தவர் வருத்தத்தைக் கேட்கப் பொறுமையில்லாதவர்களுக்கு அந்த வாக்கியம் கைவசம் இருக்கிறது. வருத்தப்படுகிறவருக்கும் கணக்குப் போடத் தெரியும். அந்தத் தெளிவு இருக்கும்வரை உங்கள் மனப்போக்கைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

உங்கள் ஊரையே பாருங்கள். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தபோது, அதே தாலுகாவைச் சேர்ந்த ஆரியங்காவு கேரளத்தோடு நின்றுவிட்டது. தமிழகத்தோடு சேர விரும்பியவர்கள்கூட, சொந்த தாலுகாவின் நடுவே எல்லைக்கோடு விழுந்ததைக் கொண்டாடியிருக்க வேண்டும் என்று யார் சொல்ல முடியும்? அதற்காக மலைக்கு அப்பால் போகும் காய்கறி வியாபாரம் நின்றுவிடவில்லை. 1904 முதல் கொல்லத்தோடு உங்களை இணைத்திருந்த மீட்டர் கேஜ் பாதையை, அகலப்பாதையாக்குவதற்காக 2010-இல் மூடினார்கள். புனலூர்வரை மலைப்பகுதியில் மீண்டும் பயணிகள் ரயில் ஓட 2018 ஆயிற்று. அதுவரை மக்கள் புளியரை வழியே பேருந்தில் முணுமுணுத்துக்கொண்டேதான் போனார்கள். ரயில் எப்போது வரும் என்று கேட்பதையும் விடவில்லை.

ஆகவே, மகளின் படிப்பைக் காரணம் காட்டி மாற்றலை ஒத்திவைக்கும்படி உங்கள் கணவர் முதலில் எழுத்து மூலம் கேட்கட்டும். கிடைக்காவிட்டால், கல்வியாண்டு முடியும்வரை நீங்களும் மகளும் செங்கோட்டையிலேயே இருப்பதைப் பற்றி யோசியுங்கள். தூரம் சுமார் 50 கிலோமீட்டர்தான் (மழைக்காலத்து மலைப்பாதை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்). கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புவரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கிய சட்டம் 2017-இல் வந்தது; வெளிமாநிலத்திலிருந்து வரும் பிள்ளைக்கு என்ன சலுகை உண்டு என்று, சேர்ப்பதற்கு முன்பே பள்ளியில் விசாரித்துவிடுங்கள். மலையாள எழுத்துகளை விடுமுறையிலேயே தொடங்கலாம்; நீங்களும் கூட உட்கார்ந்தால் அவளுக்குத் துணையாக இருக்கும். தையல் இயந்திரத்தை விற்றுவிடும்படி யாராவது யோசனை சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் அங்கே தையல்காரர்களுக்கு வேலை குவியும்.