சூதாடாதவர்களுக்கு மக்காவோவில் ஒன்றரை நாள்

ஹாங்காங் செல்லும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நான், மனைவி, 8 வயது மகள், 66 வயது அம்மா என்று நான்கு பேர். நடுவில் ஒன்றரை நாள் மக்காவோ போகலாமா என்று யோசனை. கேசினோ பக்கமே தலைவைக்க மாட்டோம். அம்மா சுத்த சைவம், மூட்டுவலி வேறு. அங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா? வெள்ளிக்கிழமை இரவு தங்குவதாக உத்தேசம்."

தாராளமாகப் போங்கள், ஆனால் அந்த வெள்ளிக்கிழமையை மாற்றுங்கள். வெள்ளி, சனி என்றால் சீனாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் கூட்டம் அள்ளும், அதே அறைக்கு செவ்வாய், புதனில் கேட்கிற வாடகையைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். திங்களும் வேண்டாம், மக்காவோ மியூசியத்துக்கு அன்று விடுமுறை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு மக்காவோவில் 30 நாள் வரை விசா தேவையில்லை. ஹாங்காங்குக்குள் நுழைவதற்காக ஆன்லைனில் செய்த முன்பதிவு 6 மாதத்துக்குள் பலமுறை செல்லும், அதனால் திரும்பி நுழையும்போதும் சிக்கல் இல்லை.

ஹாங்காங்கையும் மக்காவோவையும் இணைக்கும், 2018-இல் திறந்த 55 கிலோமீட்டர் கடல் பாலத்தில் பஸ் இரவு பகலாக ஓடுகிறது, பாலத்தைக் கடக்க முக்கால் மணி நேரம்கூட ஆகாது. இறங்கியதும் டாக்சி தேடாதீர்கள். பெரிய ரிசார்ட்களின் இலவச பஸ்கள் வாசலிலேயே நிற்கும். சூதாட ஆள் பிடிக்கத்தான் விடுகிறார்கள், சரி, நாம் ஊர் சுற்ற ஏறிக்கொள்வோம்.

முதல் நாள் காலை பழைய நகரம். சூதாட்ட ஊர் என்றே பெயர் வாங்கிவிட்ட இந்த இடம் 1999 டிசம்பர் வரை போர்ச்சுகீசியர் கையில் இருந்தது, அதன் பழைய மையம் 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. செனாடோ சதுக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கற்களை அலை அலையாகப் பதித்திருப்பார்கள், மகள் அதிலேயே பாண்டி ஆடத் தொடங்கினால் அரைமணி நேரம் போய்விடும். அங்கிருந்து புனித பவுல் தேவாலயத்துக்கு ஏறும் சந்தில், கடைக்காரர்கள் பாதாம் பிஸ்கட்டை உடைத்து கையில் திணிப்பார்கள். அம்மாவை முன்பே எச்சரித்துவிடுங்கள்: பச்சைப்பயறு மாவில் செய்வதுதான், ஆனால் சிலவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். பக்கத்துத் தட்டில் பளபளவென்று சிவப்பாக இருப்பது ஜாம் பட்டை இல்லை, இறைச்சி.

தேவாலயம் 1835-இல் எரிந்து முகப்புச் சுவர் மட்டும் மிஞ்சியது. ஜப்பானிலிருந்து தப்பிவந்த கிறிஸ்தவக் கைவினைஞர்களும் சேர்ந்து செதுக்கியது அது. ஏழு தலை நாகத்தின் மேல் மாதா நிற்பதையும் பக்கத்தில் சீன எழுத்துகளையும் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், குழந்தைக்கு நல்ல விளையாட்டு. 60 சொச்சம் படிகள், நடுநடுவே அகலமான தளங்கள் உண்டு. அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம், இல்லை கீழிருந்தே பார்த்தாலும் போதும், சொல்லப்போனால் கீழிருந்துதான் அழகு. அதற்கு மேலே இருக்கும் கோட்டைக்கு மியூசியம் வழியாக எஸ்கலேட்டர் இருக்கிறது. 1622-இல் டச்சுக்காரர்கள் படையெடுத்து வந்தபோது இங்கிருந்து சுட்ட குண்டு அவர்களுடைய வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்து சண்டையே திசைமாறியது என்பார்கள், பீரங்கிகள் இன்னும் அங்கேதான்.

மதியம் டாக்சியில் ஆ-மா கோயில். மீனவர்களைக் காக்கும் கடல் தெய்வம், ஊருக்குப் பெயரே இவளால் வந்தது. மோட்டிலிருந்து தொங்கும் சுருள் ஊதுவத்திகளை அம்மா ரொம்ப நேரம் பார்ப்பார்.

மாலையில் கோட்டாய். தைப்பா, கொலோவான் என்ற இரு தீவுகளுக்கு நடுவே கடலைத் தூர்த்து எழுப்பிய பகுதி, பெயரும் அந்த இரண்டையும் ஒட்டவைத்ததுதான். கேசினோ தளத்தில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி கிடையாது, ஆனால் வெனிஷியன் ரிசார்ட்டின் செயற்கைக் கால்வாய், பாரிசியன் ரிசார்ட்டின் பாதி உயர ஐபிள் கோபுரம் எல்லாம் குழந்தையோடு பார்க்கலாம். படகுச் சவாரிக்குக் காசு கொடுப்பது வீண் என்பேன், விண் பேலஸ் ரிசார்ட் ஏரியின் நீரூற்று ஆட்டம் சும்மாவே பார்க்கலாம், அது போதும். இரவுச் சாப்பாட்டை இந்தப் பகுதியிலேயே ஒரு இந்திய உணவகத்தில் முடித்துக்கொள்ளுங்கள். சீனக் கடையில் வெறும் கீரை கேட்டாலும் சிப்பி சாஸ் ஊற்றித் தருவார்கள்.

மறுநாள் காலையை கொலோவானுக்கு வைத்துக்கொள்ளுங்கள், என்னைக் கேட்டால் ஊரிலேயே உருப்படியான இடம் இதுதான். கட்டடக் காடு கிடையாது, ஒரு குட்டிச் சதுக்கம், மஞ்சள் நிறச் சின்ன சேவியர் தேவாலயம், எதிர்க்கரையில் சீனா. 1989-இல் ஆங்கிலேயர் ஒருவர் தொடங்கிய லார்ட் ஸ்டோஸ் பேக்கரியின் முட்டை டார்ட் சூடாகக் கிடைக்கும், மேலே கருகின புள்ளிகளோடு. அம்மாவுக்கு ஆகாது, அவருக்கு பிஸ்தா, முந்திரி என்று பையில் ஏதாவது வைத்திருங்கள்.

பணம் மாற்ற அலையாதீர்கள். ஹாங்காங் டாலரை எல்லாக் கடையிலும் வாங்குவார்கள், டாலருக்கு ஒரு பட்டாக்கா (மக்காவோ நாணயம்) கணக்கு, நூற்றுக்கு மூன்று பட்டாக்கா நமக்கு நஷ்டம், போகட்டும். டவுன் பஸ்ஸில் மட்டும் சில்லறை திருப்பித் தர மாட்டார்கள். மிச்சமாகும் பட்டாக்காவை அங்கேயே செலவழித்துவிடுங்கள், ஹாங்காங் கடைகளில் அதை வாங்க மாட்டார்கள்.