மாலையில் மட்டும் ஏன் நடை மந்தமாகிறது?

கேள்வி: சந்தையிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குக் காலையில் 6 நிமிடத்தில் நடந்துவிடுகிறேன், மாலையில் 12 நிமிடம் பிடிக்கிறது. நம் ஊர்க்காரர்கள் ஆடி அசைந்து நடப்பதே காரணம் என்கிறார் என் அண்ணன். உண்மையா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அண்ணன் சொல்வது சரியில்லை. முன்னால் இடம் திறந்து கிடந்தால், உடல்நலமுள்ள ஒருவர் விநாடிக்குச் சுமார் 1.3 மீட்டர் நடப்பார். காலை எட்டி வைக்க முன்னால் இடம் குறையக் குறைய அடி சுருங்குகிறது. ஒரு சதுர மீட்டருக்கு இருவர் என்ற நெருக்கம் வரும்போது வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது; உங்கள் 6 நிமிடம் 12 ஆவது அப்படித்தான். வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொருவரும் சலித்துக்கொள்ளும் அந்த நிலையில்தான் பாதை மிக அதிகமான பேரைக் கடத்திவிடுகிறது: ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 70 பேர் அளவில். நெருக்கம் அதற்கும் மேலே போனால் வேகத்தோடு இந்த எண்ணிக்கையும் சரிந்து, சதுர மீட்டருக்கு ஐந்து பேரைத் தாண்டும்போது நடை ஏறக்குறைய நின்றே போகிறது.

இனி அகலத்தைப் பாருங்கள். நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் தடையின்றி இருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டுதல். சுவரை உரசிக்கொண்டு எவரும் நடப்பதில்லை என்பதால் அந்த ஓரத்தில் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான இடம் வீணாகிறது. மறு ஓரத்தில் மின்கம்பமும், ஓடையின் மேல் பெயர்ந்து கிடக்கும் சிமெண்டுப் பலகையும் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. எஞ்சிய இடத்தில் ஏத்தன் வாழைக்குலையைத் தலையில் சுமந்து ஒருவர் எதிரே வந்தால், அவருக்கு வழிவிட்டு இரண்டு வரிசை ஒன்றாகிறது. சாரல் பிடித்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம்: தோள் அகலம் அரை மீட்டர்கூட இல்லாத மனிதர், குடையை விரித்ததும் ஒரு மீட்டரை அடைத்துக்கொள்கிறார். ஆனி ஆடியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மழை பெறும் குமரி மாவட்டத்தில் பாதைக்கு அளவு குறிப்பவர்கள் குடைக்கும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

அண்ணனிடம் இதையும் சொல்லுங்கள். இந்தியர்களையும் ஜெர்மானியர்களையும் தனித்தனியே ஒற்றை வரிசையில் நடக்கவிட்டு ஒப்பிட்ட ஆய்வொன்று 2009-இல் வெளியானது. நெருக்கம் கூடும்போது வேகம் குறைவது நம்மவரிடம்தான் சற்றுக் குறைவாக இருந்தது.

கேள்வி: பச்சை விளக்கு அணைவதற்குள் என் தாயாரால் சாலையைக் கடக்க முடிவதில்லை. அந்த நேரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சாலையின் அகலத்தை நடைவேகத்தால் வகுப்பார்கள். நெடுங்காலம் கையாளப்பட்ட வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர். அதன்படி 14 மீட்டர் சாலைக்கு 12 விநாடி போதும். விநாடிக்கு 0.9 மீட்டர் நடக்கும் முதியவர், அந்த 12 விநாடி முடியும்போது 11 மீட்டரையே கடந்திருப்பார். மீதி மூன்று மீட்டரும் ஒலிப்பான்களுக்கு நடுவில்தான். அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டு விதித்தொகுப்பிலேயே இந்த வேகத்தை ஏறத்தாழ 1.07 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள். முதியவர்கள் மிகுதியாக நடமாடும் மருத்துவமனை, கோயில், தேவாலய வாசல்களில் அதையும்விடக் குறைத்து வைப்பதே முறை.