குளிர்காய்ச்சலுக்குச் செம்பருத்திப் பூ கஷாயம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் நீங்கள் கேட்பதைப் பார்த்தால் வீட்டில் ஏற்கெனவே இரண்டு மூன்று நாளாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் போலத் தெரிகிறது. அப்படியென்றால் முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் கஷாயம்.

நான் தண்டையார்பேட்டை. எங்கள் ஆயா (பாட்டி) வீட்டு வாசலில் ஒற்றைச் செம்பருத்தி நிற்கும், ஐந்து இதழ், நல்ல சிவப்பு. அடுக்குச் செம்பருத்தியை மருந்துக்கு ஆயா தொடவே தொடாது. யாருக்கு உடம்பு சுட்டாலும் 5 பூ. காம்பையும் நடுத்தண்டையும் கிள்ளிப் போட்டுவிட்டு, இதழோடு தட்டிய சுக்கு, 4 மிளகு சேர்த்து, 2 டம்ளர் தண்ணீர் ஒன்றாகச் சுண்டும்வரை கொதிக்கும். இதழ் வெளுத்துப்போய்த் தண்ணீர் கருநீலமாக நிற்கும். இறக்கி வைத்து எலுமிச்சை பிழிந்தால் சட்டென்று சிவப்பாக மாறும். அதைப் பார்க்கவே காய்ச்சல் வராதா என்று இருக்கும்.

2009 மழைக்காலத்தில் நிஜமாகவே வந்தது. மதியம் 2 மணிக்குப் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. இரண்டு போர்வை போதாமல் ஆயா தன் புடவையையும் மடித்து மேலே போட்டது. சாயந்திரம் வேர்த்து ஊற்றி விட்டுவிட்டது. மறுநாள் ஒன்றுமே இல்லை. கஷாயம் கேட்டுவிட்டது என்று தெருவெல்லாம் பெருமை அடித்தேன். மூன்றாம் நாள் அதே மதியம், அதே நடுக்கம். ஆயா டம்ளரைக் கீழே வைத்துவிட்டது.

"இது மொறக் காய்ச்சல்டா. பூவுக்கெல்லாம் கேக்காது. போய் ரத்தம் குடுத்துட்டு வா."

மலேரியா. குளோரோகுயின் 3 நாள், பிரைமாகுயின் 14 நாள். பிரைமாகுயினைப் பாதியில் விடக்கூடாது; கிருமி ஈரலில் பதுங்கி மாதங்கள் கழித்துத் திரும்ப வரும்.

அந்த கிளினிக் டாக்டர், ஆயா பக்கத்திலேயே நிற்க, "இந்தப் பாட்டி வைத்தியத்தால்தான் நாள் கடத்துறீங்க" என்றார். பரிசோதனைக்குத் துரத்தியதே ஆயாதான், நாள் கடத்தியது நான். அதை அங்கேயே சொல்லாமல் வந்தது இன்னும் உறுத்துகிறது.

சித்த வைத்தியத்தை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். சுடச்சுடக் குடித்தால் தொண்டைக்கு இதம், உடம்பில் நீரும் சேரும். அவ்வளவுதான் சொல்வேன். கர்ப்பிணிகளுக்கு ஆயா கொடுக்காது. டெங்குவாக இருக்கலாம் என்றால் பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள்.

இப்போது கஷாயம் வைக்க அந்தச் செடியில் 5 பூ மிஞ்சினால்தானே! விடிய 5 மணிக்கு வாக்கிங் என்று கேரிபேக்கோடு வந்துவிடுகிறார்கள். கேட்டால் "சாமிக்குத்தானே தம்பி". போன வாரம் மொட்டைக்கூட விடவில்லை.